கணினியை மாற்றும் முன் பழைய கோப்புகளைத் திறந்து பாருங்கள்

கேள்வி: கும்பகோணம் பக்கத்தில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். 2016-இல் வாங்கிய ஐந்து கணினிகளும் விண்டோஸ் 10-இல் ஓடுகின்றன. மூன்றில் பக்க வடிவமைப்புக்கான பேஜ்மேக்கரும் வரைகலைக்கான கோரல் டிராவும், ஒன்றில் கணக்கு எழுத டேலியும் இருக்கின்றன. இன்னொன்று தட்டச்சுக்கும் மின்னஞ்சலுக்கும். இவற்றில் விண்டோஸ் 11 ஏறாது, ஐந்தையும் மாற்றிவிடுங்கள் என்கிறார் கணினி விற்பவர். இனி எல்லாமே உலாவியில்தான், கூகுள் டாக்ஸுக்குப் போய்விடலாம் என்கிறாள் என் மகள். நண்பர் ஒருவர் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளத்தைப் போடச் சொல்கிறார். இலவசமாகக் கிடைக்கும் இந்த மென்பொருள்களெல்லாம் இன்னும் பத்து ஆண்டு இருக்குமா? எதை நம்பிப் போவது?

பதில்: விற்பவர் சொல்வதில் பொய் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. தனிநபர் கணினிகளுக்கு, பதிவு செய்துகொண்டால், 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். 2016-இல் வாங்கியவை அதற்கு முந்தைய தலைமுறையாகத்தான் இருக்கும். ஆனால் புதிய விண்டோஸ் ஏறாது என்பது வேறு, கணினி பயனற்றுப் போய்விட்டது என்பது வேறு. அதே பெட்டியில் பழைய ஹார்டு டிஸ்குக்குப் பதில் வேகமான எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தி, நினைவகத்தை 8 ஜி.பி. ஆக்கி, லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டை நிறுவினால், தட்டச்சு, மின்னஞ்சல், உலாவி ஆகியவற்றுக்கு இன்னும் பல ஆண்டுகள் அது தாராளமாக உழைக்கும்.

உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்குத்தான் நீண்ட பதில் தேவைப்படுகிறது. அதில் ‘இலவசமாகக் கிடைக்கும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான குழப்பம் அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. படங்களை அடுக்கவும் திருத்தவும் உதவிய பிக்காசாவை நினைத்துப் பாருங்கள். நம் ஊர் ஸ்டுடியோக்களிலும் அச்சகங்களிலும் அது இல்லாத கணினியே ஒரு காலத்தில் இல்லை. அது இலவசம்தான், ஆனால் அதன் மூலநிரல், அதாவது அதை உருவாக்க எழுதிய நிரல் வரிகள், கூகுளிடம் மட்டுமே இருந்தது. 2016-இல் கூகுள் அதைக் கைவிட்டபோது, தொடர்ந்து வளர்க்க வேறு எவராலும் முடியவில்லை. அதில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. கணினியில் நிறுவப்பட்டிருந்த பிக்காசா அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. இணையத்தில் இருந்த பிக்காசா ஆல்பங்கள் அந்த ஆண்டிலேயே மூடப்பட்டன. நிறுவிய மென்பொருளுக்கும் இணையவழிச் சேவைக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

திறந்த மூல மென்பொருளில் விலையைவிட உரிமமே முக்கியம். மூலநிரலைப் பார்க்கவும் மாற்றவும் பிறருக்கு வழங்கவும் எவருக்கும் உரிமை உண்டு என்பதால், உருவாக்கிய நிறுவனம் மனம் மாறினாலும் அந்த நிரல் அதுவரை இருந்த நிலையிலிருந்து இன்னொரு பெயரில் பிரிந்து வளர முடியும். வேர்டு, எக்செல் போன்றவற்றுக்கு மாற்றான ஓப்பன் ஆஃபிஸுக்கு நடந்தது இதுதான். அதை வளர்த்து வந்த சன் நிறுவனத்தை 2010-இல் ஆரக்கிள் வாங்கியதும், ஆரக்கிளின் போக்கில் நம்பிக்கை இழந்தவர்கள் அதே ஆண்டு செப்டம்பரில் பிரிந்து வந்து லிப்ரெ ஆஃபிஸைத் தொடங்கினார்கள். இன்று பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் முன்னதாகவே நிறுவப்பட்டு வருவது அதுதான். இணையச் சேவைகளுக்கு அடியில் ஓடும் ரெடிஸ் என்ற தரவுத்தளத்தின் உரிமத்தை அதன் நிறுவனம் 2024 மார்ச்சில் இறுக்கியபோது, சில நாள்களிலேயே லினக்ஸ் ஃபவுண்டேஷனின் ஆதரவில் வால்கீ என்ற கிளை பிறந்துவிட்டது. அடுத்த ஆண்டே ரெடிஸும் ஒரு திறந்த உரிமத்துக்குத் திரும்பியது. எனவே ‘பத்து ஆண்டு இருக்குமா’ என்றால், அதே பெயரில் இருக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். நிரல் இருக்கும், கோப்பும் திறக்கும் என்று சொல்வேன்.

இதற்குள் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது, அதை மறைப்பது நியாயமல்ல. உரிமை எல்லோருக்கும் இருக்கிறது, உழைப்பவர் மட்டும் பல இடங்களில் ஒரே ஒருவர். லினக்ஸில் கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்-இசட் என்ற சிறு மென்பொருளைப் பராமரித்தவர் தனி ஆளாகச் சோர்ந்திருந்த நேரத்தில், உதவ வந்தவர்போல் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நம்பிக்கையைச் சம்பாதித்து, பொறுப்பிலும் பங்கு பெற்று, இறுதியில் தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஒரு கள்ளக் கதவை உள்ளே வைத்துவிட்டார். 2024 மார்ச்சில் அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். தம் கணினியில் உள்நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாகிறதே என்று நூல் பிடித்துப் போனதில் அது அகப்பட்டது. அவர் வேலை பார்த்தது மைக்ரோசாஃப்டில் என்பது இந்தக் கதையின் சுவையான கிளை. மூலநிரல் திறந்திருந்ததால்தான் வெளியாள் ஒருவரால் தேடிப் பார்க்க முடிந்தது என்பது உண்மை. பார்ப்பதற்கு ஆள் அமைந்தது அதிர்ஷ்டம் என்பதும் உண்மை. இத்துறையின் எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் முதலில் கவலைப்பட வேண்டியது பராமரிப்பவருக்கு யார் சம்பளம் கொடுப்பது என்பதைப் பற்றித்தான் என்பது என் கருத்து. இந்தியாவில் செரோதா நிறுவனம் இதற்கென ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் ஒதுக்கும் நிதியம் ஒன்றை 2024-இல் அறிவித்தது. இன்னும் பல நிறுவனங்கள் அந்த வழியில் வர வேண்டும்.

இப்போது உங்கள் மகள் சொல்வதற்கு வருகிறேன். வேலை உலாவிக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்பதில் அவர் சொல்வது சரி, வசதியும் உண்மை: வாடிக்கையாளர் வீட்டிலிருந்தே மெய்ப்புப் பார்க்கலாம், இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தலாம், கணினி கெட்டாலும் கோப்பு இருக்கும். ஆனால் இணையவழிச் சேவையில் திறந்த மூல உரிமத்தின் பிடி நழுவிவிடுகிறது. லினக்ஸுக்கு உள்ள ஜி.பி.எல். போன்ற உரிமங்கள், மென்பொருளின் பிரதியை ஒருவருக்குக் கொடுத்தால் மூலநிரலையும் தர வேண்டும் என்கின்றன. இணையத்தின் மறுமுனையில் உள்ள நிறுவனத்தின் கணினியில், அதாவது சேவையகத்தில், ஓடும் மென்பொருளின் பிரதி உங்களிடம் வருவதே இல்லை. அதனால், அடித்தளம் முழுவதும் திறந்த மூல மென்பொருளால் கட்டப்பட்டிருந்தாலும், மேலே நீங்கள் தொடும் சேவை பூட்டியே இருக்க முடிகிறது. இந்த ஓட்டையை அடைக்கவே 2007-இல் ஏ.ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பு என்ற உரிமம் வந்தது. இணையவழியாகப் பயன்படுத்துகிறவருக்கும் மூலநிரல் தரப்பட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. நெக்ஸ்ட்கிளவுட் போன்றவை அந்த உரிமத்தில் இருப்பவை. கோப்புச் சேமிப்பையும் ஆவணத் திருத்தத்தையும் உங்கள் சொந்த சேவையகத்தில் நடத்த அவை வழி செய்கின்றன, ஆனால் ஐந்து கணினி வைத்திருக்கும் அச்சகம் அதற்கு ஒரு நிர்வாகியைத் தேட வேண்டும் என்பதால், உங்களுக்கு இப்போதைக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கூகுள் டாக்ஸைப் பயன்படுத்துங்கள், ஆனால் கோப்புகளைப் பத்திரமாக வைக்கும் அலமாரி என்று அதை நம்பிவிடாதீர்கள். ஒரு சோதனை செய்து பாருங்கள். கூகுள் டிரைவைக் கணினியோடு இணைத்து, அதில் தெரியும் டாக்ஸ் கோப்பு ஒன்றைப் பென் டிரைவுக்கு நகலெடுத்து, இணையத்தைத் துண்டித்துவிட்டு இன்னொரு கணினியில் திறக்க முயலுங்கள். திறக்காது, ஏனென்றால் நீங்கள் எடுத்தது ஆவணத்தை அல்ல, அதன் முகவரியை மட்டுமே தாங்கிய ஒரு சிறு சீட்டை. ‘பதிவிறக்கு’ என்று கொடுத்து வேர்டு வடிவிலோ, ஓ.டி.எஃப். என்ற திறந்த ஆவண வடிவிலோ எடுத்தால்தான் எழுத்து கைக்கு வரும். இலவசக் கணக்கின் 15 ஜி.பி. இடத்தை மின்னஞ்சலும் படங்களும் கோப்புகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன என்பதையும், இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்ட தனிநபர் கணக்கை அழிக்கும் உரிமையைக் கூகுள் வைத்திருக்கிறது என்பதையும் மகளிடம் சொல்லுங்கள். பணம் கட்டிப் பயன்படுத்துகிறவர்களுக்கும் சேவை திடீரென நின்றுபோகலாம். குஜராத்தில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜிக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையைத் தொடர்ந்து, 2025 ஜூலையில் மைக்ரோசாஃப்டின் இணையவழிச் சேவைகள் முடங்கின. நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பின், சில நாள்களில் அவை திரும்பக் கிடைத்தன. அச்சகங்களுக்கு அப்படி நேரப் போவதில்லைதான். ஆனால் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை அந்தச் சம்பவம் காட்டிவிட்டது. இதே போன்ற இணையவழிச் சேவைகளைத் தரும் சோஹோ நம்மூர் நிறுவனம் என்பதில் எனக்கும் மகிழ்ச்சிதான், இருந்தாலும் அதனிடமும் இதே கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் கோப்பைக் கொடுப்பேன்.

உங்கள் தொழிலில் உண்மையான சிக்கல் இவை எதுவுமல்ல, பேஜ்மேக்கர்தான். அதன் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. அதற்குப் பதிலாக வந்த அடோபியின் இன்டிசைன்கூட சி.எஸ். 6 பதிப்பு வரைதான் அதன் கோப்புகளைத் திறந்தது, பிந்தைய பதிப்புகளில் அந்த வசதி இல்லை. போதாக்குறைக்கு, உங்கள் பழைய கோப்புகளில் தமிழ், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் இருக்காது. பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களுக்கு ஏற்ப ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டிருக்கும். எனக்குத் தெரிந்த ஓர் அச்சக உரிமையாளர், பதினைந்து ஆண்டுக்கு முந்தைய கும்பாபிஷேக மலரை மறுபதிப்புச் செய்யக் கோயில் நிர்வாகம் கேட்டபோது கோப்பைத் திறந்தார்; எழுத்துரு இல்லாத கணினியில் ‘mk;kd;’ என்று வந்து நின்றது, அது ‘அம்மன்’ என்று படிக்க வேண்டியது. மலர் முழுவதையும் மீண்டும் தட்டச்சு செய்தார்கள்.

இங்கே திறந்த மூல மென்பொருள்தான் கைகொடுக்கிறது. லிப்ரெ ஆஃபிஸின் வரைபடச் செயலி 2015-இல் வந்த 4.4 பதிப்பிலிருந்து பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கிறது. கோரல் டிரா கோப்புகளை அதற்கு முன்பிருந்தே திறக்கிறது. பக்க அமைப்பு அச்சு அசலாக வராது, சட்டங்கள் நகரும், ஆனால் எழுத்தை மீட்டுவிடலாம். அதைப் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்ற, ஓப்பன் தமிழ் என்ற திறந்த மூல நிரல்தொகுப்பு இருக்கிறது. புதிதாகச் செய்யும் புத்தக வேலைகளுக்கு, பக்க வடிவமைப்புக்கான திறந்த மூல மென்பொருளான ஸ்கிரைபஸைப் பழகலாம். 2024 ஜனவரியில் வந்த அதன் 1.6 பதிப்பில் யூனிகோடு தமிழ் ஒழுங்காகக் கோக்கப்படுகிறது, நான்கு வண்ணப் பிரிப்பும் அச்சுக்கான பி.டி.எஃப்.பும் கிடைக்கின்றன. கல்யாணப் பத்திரிகை வேலைக்குக் கோரல் டிராவை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். அதற்குத் திறந்த மூல மாற்றான இங்க்ஸ்கேப் நல்ல மென்பொருள், ஆனால் நான்கு வண்ண அச்சுக்கு அது இன்னும் தயாராகவில்லை. ஆர்வலர்கள் சிலர் இதைக் கேட்டுக் கோபித்துக்கொள்வார்கள்.

ஒரேயடியாக மாறுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஜெர்மனியின் முனிச் நகராட்சி 2003-இல் முடிவெடுத்து, பத்து ஆண்டு உழைத்து, சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிவிட்டு, 2017-இல் விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தது. அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024-இல் 30,000 கணினிகளுக்கான மாற்றத்தை அறிவித்தபோது, விண்டோஸை உடனே தொடாமல், முதலில் அலுவலக மென்பொருளையும் பிறகு மின்னஞ்சலையும் மாற்றும் வரிசையை எடுத்துக்கொண்டது. செயலியை முதலில் மாற்று, இயங்குதளத்தைப் பிறகு பார் என்ற அந்த வரிசை உங்களுக்கும் பொருந்தும், ஏனென்றால் லிப்ரெ ஆஃபிஸும் ஸ்கிரைபஸும் விண்டோஸிலேயே ஓடும்.

என் யோசனை இதுதான். டேலிக்கும் கோரல் டிராவுக்கும் சேர்த்து, விண்டோஸ் 11 உள்ள புதிய கணினிகள் இரண்டு வாங்குங்கள். தட்டச்சுக் கணினியையும் இன்னொன்றையும் லினக்ஸ் மின்ட்டுக்கு மாற்றுங்கள். தமிழ்99 விசைப்பலகை அதில் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகக் கிடைக்கும். விண்டோஸின் லதா எழுத்துரு அதில் இராது என்பதால், விண்டோஸில் செய்த ஆவணம் வேறு எழுத்துருவில் திறந்து பக்க எண்ணிக்கை மாறலாம். எனவே இரு பக்கமும் நோட்டோ தமிழ் எழுத்துருக்களை நிறுவி அவற்றையே பயன்படுத்துங்கள். நிறுவுவதற்கு முன், மின்ட்டைப் பென் டிரைவிலிருந்தே இயக்கி அச்சுப்பொறியைச் சோதியுங்கள். நம் கடைகளில் பரவலாக உள்ள கேனான் எல்.பி.பி. 2900 போன்றவை தமக்கே உரிய மொழியில் பேசுவதால் லினக்ஸில் தனி டிரைவர் தேடி அல்லாட வேண்டியிருக்கும். பழைய கணினிகளில் ஒன்றை, இணையக் கம்பியையே பிடுங்கிவிட்டு, பேஜ்மேக்கருக்கென்று அப்படியே வைத்திருங்கள்.

இதற்கெல்லாம் முன்பாக, இந்த வாரமே, இப்போதுள்ள விண்டோஸிலேயே லிப்ரெ ஆஃபிஸை நிறுவி, பழைய மலர் ஒன்று, ரசீதுப் புத்தகம் ஒன்று, பத்திரிகை ஒன்று என மூன்று நான்கு கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறக்காதவற்றை, பேஜ்மேக்கர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, எழுத்துருக்களை உட்பொதித்த பி.டி.எஃப். ஆகவும், எழுத்தை மட்டும் தனிக் கோப்பாகவும் எடுத்து, இரண்டு வெளி ஹார்டு டிஸ்குகளில் வைத்து, ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். அந்த வேலை முடிந்த பிறகு கணினி விற்பவரைக் கூப்பிடலாம்.