பூவந்திக்கொட்டையில் (சோப்புக்காயில்) நுரை எடுப்பது: வாசகர் கேள்வி-பதில்

பூவந்திக்கொட்டையை அப்படியே அவித்தால் போதாதா? (வாசகி, மல்லாவி)

விதையை எடுத்துவிடுங்கள். நுரை தரும் சபோனின் தோலோடு ஒட்டிய சதையில் இருக்கிறது. விதைப்பருப்பு எண்ணெய்ப் பிடிப்பானது. உடைந்து கலந்தால் நுரை அடங்கிவிடும். தோலை முறித்தால் ‘டக்’ என்று உடையும்வரை வெயிலில் காயவையுங்கள். ஈரம் இருந்தால் அரைக்கும்போது பிசினாக ஒட்டிக்கொள்ளும். ஒரு பங்கு தூளுக்குப் பத்துப் பங்கு தண்ணீர், 50 முதல் 60 பாகை செல்சியஸ் சூடு, சில மணி நேரம். தளதளவென்று கொதிக்கவிட்டால் நிறமும் துவர்ப்பும் கூடவே இறங்கும்.

நவீன முறைகளில் எது நல்லது? (இளைஞர் ஒருவர், கிளிநொச்சி)

என் தெரிவு அல்ட்ராசவுண்ட் என்னும் கழியொலி. செக்கனுக்கு 20,000 தடவைக்கு மேல் அதிரும் அலை, நீருக்குள் நுண்குமிழிகளை உண்டாக்கி உடைக்கும். அந்த அதிர்ச்சியில் கலச்சுவர் கிழிந்து, மணிக்கணக்கில் ஊறவேண்டியது நிமிடக்கணக்கில் இறங்கிவிடும். மைக்ரோவேவும் வேகமானதுதான், ஆனால் சூடு எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உயரழுத்தக் காபனீரொட்சைட்டைக் கரைப்பானாக்கும் முறைக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். அது எண்ணெய்களுக்கு ஏற்றது. சர்க்கரைச் சங்கிலி கொண்ட சபோனினை, எதனோல் துணைக்குச் சேராமல் கரைக்காது.

சாறு எடுத்த பிறகு செய்யும் வேலை ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். ஐதான சாற்றை உயரமான குழாயில் ஊற்றி, அடியிலிருந்து மெல்லக் காற்றைச் செலுத்துங்கள். மீன்தொட்டிப் பம்ப் போதும். சபோனின் குமிழியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு மேலே ஏறும். மேலே திரளும் வெண்ணுரையைத் தனியே வழித்து அடங்கவிட்டால், கிடைப்பது முதல் சாற்றைவிடச் செறிவானது. இரசாயனம் ஒரு சொட்டும் தேவையில்லை.

எங்கள் கிணற்றில் சவர்க்காரம் நுரைக்காது. பூவந்தி நுரைக்குமா? (முல்லைத்தீவு)

நுரைக்கும். சவர்க்காரம் வன்னீரிலுள்ள (கடின நீரிலுள்ள) கல்சியத்தோடு சேர்ந்து அழுக்குத் திரையாகப் படியும். சபோனின் அப்படிப் படிவதில்லை. கண்ணில் பட்டால் மட்டும் நன்றாக எரியும், கவனம்.

எத்தனை நாள் வைக்கலாம்?

வெளியே வைத்தால் இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும். ஐஸ்கட்டித் தட்டில் உறையவைத்து, வேண்டியபோது எடுத்துக் கரையுங்கள்.

கழிவுத் தண்ணீரை வாய்க்காலில் விடலாமா? (வவுனியா)

வேண்டாம். சபோனின் மீனின் செவுளைத் தாக்கும். நம் வாய்க்கால் போய்ச் சேருவது குளத்தில்; அந்தக் குளத்தை நம்பி வலை போடும் குடும்பங்கள் இருக்கின்றன. குளத்துக்கும் கிணற்றுக்கும் எட்டத்தில் குழி வெட்டி ஊற்றுங்கள்.