வான்கோழிக்கு எந்த ஊர்? கேள்வி-பதில்

டிசம்பர் வந்தால் வான்கோழியைப் பற்றிய கேள்விகளும் வரிசையாக வந்துவிடும். சமையல் கேள்விக்கு நான் ஆளில்லை, பெயர்க் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஆங்கிலத்தில் வான்கோழிக்கும் துருக்கி நாட்டுக்கும் ஒரே பெயராமே, அங்கிருந்து வந்த பறவையா?

இல்லை. அது மெக்சிகோவில் பழக்கி வளர்த்த பறவை, 1500களின் தொடக்கத்தில் ஸ்பானியர்கள் கப்பலேற்றி ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். குழப்பத்துக்குக் காரணம் இன்னொரு பறவை. சாம்பல் உடம்பில் வெள்ளைப் புள்ளி போட்ட ஆப்பிரிக்கக் கினிக்கோழி அதற்கு முன்பே துருக்கியரான உஸ்மானியர் ஆண்ட பகுதிகள் வழியாக வியாபாரிகள் கைமாறி இங்கிலாந்துக்கு வந்துகொண்டிருந்தது, அதைத்தான் ஆங்கிலேயர்கள் முதலில் 'டர்க்கி' என்றார்கள். பின்னால் வந்த அமெரிக்கப் பறவையும் கிட்டத்தட்ட அதே ஜாடையில் இருந்ததால் அதையும் அதே பெயரில் கூப்பிட்டார்கள், கடைசியில் பெயர் புதிதாக வந்ததோடு ஒட்டிக்கொண்டது, கினிக்கோழி வேறு பெயர் தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று. 1550இல் யார்க்‌ஷயர்காரர் வில்லியம் ஸ்ட்ரிக்லாண்டின் குடும்பச் சின்னத்தில் இறகை விரித்த வான்கோழியே இடம்பிடித்தது, அவ்வளவு மவுசு அப்போது.

அறிஞர்களாவது சரியாகச் செய்தார்களா என்றால், அதுவும் இல்லை. 1758இல் சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் வைத்த அறிவியல் பெயர் 'மெலியாக்ரிஸ் கல்லோபாவோ'. முதல் சொல் கினிக்கோழிக்குக் கிரேக்கர்கள் வைத்திருந்த பெயர், இரண்டாவது சொல்லில் சேவலும் மயிலும் சேர்ந்திருக்கின்றன. மூன்று பறவைகள் உள்ளே இருக்கின்றன, வான்கோழி மட்டும் இல்லை!

அப்படியானால் துருக்கியர்கள் அதை என்னவென்று சொல்கிறார்கள்?

'ஹிந்தி'. ஆமாம், இந்தியாவைச் சேர்ந்தது என்று அர்த்தம். பிரெஞ்சில் 'தாந்த்' என்பதும் 'இந்தியாவின் கோழி' என்பதிலிருந்து கோழி மட்டும் உதிர்ந்துபோன மிச்சம்தான். போலிஷ் மொழியில் 'இந்திக்', ரஷ்யனில் 'இந்தியூக்'. கொலம்பஸ் 1492இல் போய்ச் சேர்ந்த இடத்தை இந்தியா என்று நினைத்தார், ஸ்பானியர்களும் தங்கள் அமெரிக்கப் பகுதிகளை வெகுகாலம் 'இந்தியாஸ்' என்றே சொல்லிவந்தார்கள், அதனால் பிரெஞ்சுக்காரர்களை முழுக்கத் தப்பு சொல்ல முடியாது. 2022இல் துருக்கி கேட்டுக்கொண்டதால் ஐ.நா. அந்த நாட்டின் பெயரை 'துர்க்கியே' என்று மாற்றிக்கொண்டது, பறவையின் பெயரை யாரும் தொடவில்லை.

கோபன்ஹேகனில் இருக்கிறேன். இங்கே 'கல்குன்' என்கிறார்கள், அது நம்ம கோழிக்கோடுதான் என்று ஒரு மலையாளி நண்பர் அடித்துச் சொல்கிறார். கதை விடுகிறாரா?

கதையில்லை, நண்பர் சொல்வது சரி. டச்சு மொழியில் 'கல்கூன்', அதன் பழைய வடிவத்துக்குக் 'கள்ளிக்கோட்டைச் சேவல்' என்று பொருள் (கோழிக்கோட்டைத்தான் தமிழில் கள்ளிக்கோட்டை என்கிறோம்). ஜெர்மனியிலும் ஒரு காலத்தில் இப்படித்தான் சொன்னார்கள், பிறகு 'ட்ரூட்ஹான்', 'பூட்ட' என்ற சொற்கள் வந்து அதை ஒதுக்கிவிட்டன. டென்மார்க், நார்வே, சுவீடன், பின்லாந்து, எஸ்தோனியா என்று வடக்கு முழுக்கக் கள்ளிக்கோட்டைதான். 1498இல் வாஸ்கோ ட காமா அங்கே கரையிறங்கிய பிறகு ஐரோப்பாவில் அந்த ஊர்ப் பெயருக்கு எக்கச்சக்க மதிப்பு. ஸ்பானியர்கள் சொன்ன 'இந்தியாஸ்' அமெரிக்கா என்பதைக் கவனிக்காமல், இந்தியா என்றால் கள்ளிக்கோட்டைதானே என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி அடுத்து வருவது. 1658 முதல் 1796 வரை இலங்கைக் கரையோரத்தை ஆண்ட டச்சுக்காரர்கள் அந்தச் சொல்லை அங்கே விட்டுப்போனார்கள், சிங்களத்தில் வான்கோழி இன்றைக்கும் 'களுகுமா'. கேரளக் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் தீவுக்கு, கள்ளிக்கோட்டையின் பெயர் ஆம்ஸ்டர்டாமைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறது.

போர்ச்சுகீசியர்களும் கள்ளிக்கோட்டைக்கு வந்தவர்கள்தானே, அவர்கள் ஏன் அப்படிச் சொல்லவில்லை?

நல்ல கேள்வி. கள்ளிக்கோட்டையை நேரில் பார்த்தவர்களாயிற்றே, அங்கே அந்தப் பறவை இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் வைத்த பெயர் 'பெரு', ஸ்பானிய அமெரிக்கா என்ற பொருளில். கண்டம் சரி, நாடு தப்பு, ஆனாலும் ஐரோப்பாவில் இதுதான் இலக்குக்குப் பக்கத்தில் விழுந்த கல். மராத்தியில் 'பேரூ' என்று கேட்டால் கொய்யாப்பழம் கொடுப்பார்கள், அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான்.

'கான மயிலாடக் கண்டிருந்த வான்கோழி' என்று ஔவையார் பாடியிருக்கிறாரே? அமெரிக்கப் பறவை மூதுரைக்குள் எப்படி வந்தது?

இதைக் கேட்காத ஆண்டே இல்லை. 1500க்கு முன் தமிழ்நாட்டில் அமெரிக்க வான்கோழியை யாரும் பார்த்திருக்க வழியில்லை. ஆக, அந்தப் பாட்டு நாம் நினைப்பதைவிடப் பிந்தியதாக இருக்க வேண்டும், அல்லது அந்தப் பெயர் அப்போது வேறொரு பறவைக்கு இருந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் கினிக்கோழியின் பெயர் தாவியது போல இங்கும் தாவியிருக்கலாம் என்பதால் இரண்டாவதை லேசில் தள்ளிவிட முடியாது. ஆனால் 'பொல்லாச் சிறகை விரித்து' மயிலைப் போல ஆடிக் காட்டும் கோழி என்று படிக்கும்போது, வாலை விசிறியாக விரித்து நெஞ்சை நிமிர்த்தி நடக்கும் ஆண் வான்கோழி அப்படியே கண்ணில் நிற்கிறது. எனக்கு முதலாவதுதான் பொருந்துவதாகப் படுகிறது. 'அமெரிக்கப் பறவை அப்போதே இங்கே இருந்தது' என்று பெருமைக்காகச் சொல்வதை மட்டும் விட்டுவிடலாம்.

மாட்ரிட் ஹோட்டலில் 'பாவோ' என்று போட்டிருந்தது. அகராதியைப் பார்த்தால் மயிலுக்கும் அதே சொல். பயந்து எழுந்து வந்துவிட்டேன்!

தைரியமாகச் சாப்பிட்டிருக்கலாம். லத்தீனில் 'பாவோ' என்றால் மயில், ஆனால் ஸ்பானியர்கள் மெக்சிகோவிலிருந்து வந்த பறவைக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டு, மயிலைத் தனியாகப் பிரித்துச் சொல்ல 'பாவோ ரியால்', அதாவது 'அரச பாவோ' என்று வைத்துக்கொண்டார்கள். வெறும் 'பாவோ' என்றால் வான்கோழிக் கறிதான்.