டிஸ்சார்ஜ் புக்கில் மனைவி பெயர் தவறு: எதைத் திருத்துவது, எதைத் தொடாமல் விடுவது?

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருந்து எழுதுகிறேன். 1976-ல் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்து 2000-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். ஓய்வின்போது பட்டாளத்தில் கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கில் மனைவி பெயர் ‘ஆரோக்கியம்’ என்று இருக்கிறது. கல்யாணமான புதிதில் கிளார்க் கேட்டபோது, வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லிவிட்டேன். ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் எல்லாவற்றிலும் ‘ஆரோக்கிய மேரி’. என் பிறந்த வருடமும் இடிக்கிறது: புக்கில் 1957, ஆதாரில் 1.1.1960. நான் தனுஷ்கோடியில் பிறந்தவன். 64 புயலில் ஊரே போனது, பிறப்புச் சான்று ஏது? கோர்ட்டில் கேஸ் போட்டால்தான் இதையெல்லாம் திருத்த முடியும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: கேஸ் வேண்டாம் ஐயா. இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். உங்களிடம் இருப்பது இரண்டு தவறு. ஒன்றை டிஸ்சார்ஜ் புக்கில் திருத்த வேண்டும், மற்றதை ஆதாரில். இந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டையும் ஒரே மனுவில் போட்டுத்தான் பலர் வருடக் கணக்கில் அலைகிறார்கள்.

முதலில் பிறந்த தேதி. டிஸ்சார்ஜ் புக்கைத் தொடாதீர்கள். பட்டாளத்தில் பதிவான பிறந்த தேதியை ஓய்வுக்குப் பிறகு மாற்றித் தருவது கிட்டத்தட்ட இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாற்றினாலும் நஷ்டம் உங்களுக்குத்தான். 1960 என்று ஆகிவிட்டால் பதினாறு வயதில் துப்பாக்கி தூக்கியதாகக் கணக்கு வரும். அதோடு, 80 வயது முடிந்ததும் பென்ஷன் 20 சதவீதம் கூடும். புக்குப்படி அது 2037, ஆதார்படி 2040. மூன்று வருடப் பணத்தை எதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும்? ஆதாரில் ஜனவரி 1 என்று இருந்தாலே, முகாமில் குத்துமதிப்பாக வயதைக் கேட்டுப் போட்டது என்பது தெரிகிறது. அதைத்தான் மாற்ற வேண்டும். பிறந்த தேதியை ஆதாரில் பொதுவாக ஒரே ஒரு முறைதான் மாற்ற விடுவார்கள். அதனால் பென்ஷன் ஆவணங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஆதார் மையத்துக்குப் போங்கள். ஆபரேட்டர் தட்டும் தேதியை நீங்களே ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்த பிறகு சரி சொல்லுங்கள்.

மனைவி பெயர் விஷயம் அப்படியில்லை. அவர் வாழ்க்கை முழுக்க ‘ஆரோக்கிய மேரி’யாகவே இருக்கிறார், தவறாக இருப்பது பட்டாளத்துக் காகிதம் மட்டும்தான். இதை உங்கள் காலத்திலேயே முடித்துவிடுங்கள். சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்: இன்று நீங்கள் ஒரு கையெழுத்தில் முடிக்கிற வேலை, நாளை அவர் தனியாக வாரிசு சான்றிதழ், தாசில்தார் ஆபீஸ், அபிடவிட் என்று நடையாய் நடக்கிற வேலையாகிவிடும். மூக்கையூர் பக்கம் ஒரு அம்மாவுக்கு நான் வேலை பார்த்தேன். கணவர் கல்யாணத்துக்கு முன் பட்டாளத்தில் சேர்ந்தவர், நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் தன் தாயின் பெயரைக் கொடுத்தவர், அதை மாற்றவே இல்லை. குடும்ப பென்ஷன் கேட்டுப் போன அந்த அம்மாவை ‘நீங்கள் யார்?’ என்று கேட்டார்கள். உங்கள் புக்கில் அந்த இடத்தையும் இன்றைக்கே பாருங்கள்.

வேலை நடக்கும் விதம் இது. பென்ஷன் கொடுப்பது டிஸ்சார்ஜ் புக் இல்லை, பி.பி.ஓ. என்கிற பென்ஷன் வழங்கும் உத்தரவு. புக்கில் மட்டும் பெயர் மாறினால் ஒரு பயனும் இல்லை. உங்கள் மனுவை ஏற்று வெலிங்டனில் உள்ள உங்கள் ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட் ஆபீஸ் ‘பார்ட் டூ ஆர்டர்’ என்ற பதிவு உத்தரவை வெளியிட வேண்டும். அதை வைத்து பிரயாக்ராஜில் உள்ள பென்ஷன் கணக்கு அலுவலகம் திருத்திய பி.பி.ஓ. போடும். அப்புறம் ஸ்பர்ஷ் என்ற ராணுவ பென்ஷன் இணையதளத்தில் உள்ள உங்கள் கணக்கில் மனைவி பெயர் சரியாகத் தெரிய வேண்டும். இந்த மூன்றும் நடந்தால்தான் வேலை முடிந்தது. மனு எழுதும் முன் இ-சேவை மையத்திலோ பேரனின் போனிலோ ஸ்பர்ஷில் நுழைந்து, இப்போது என்ன பெயர் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். புக்கில் ஒன்று, அங்கே வேறொன்று என்று இருப்பதும் உண்டு.

மனுவின் தலைப்பிலேயே சர்வீஸ் நம்பர், ரேங்க், பெயர், பி.பி.ஓ. நம்பர். சர்வீஸ் நம்பரின் கடைசியில் ஒரு ஆங்கில எழுத்து வருமே, அதை விட்டுவிட்டு எழுதுகிறவர்கள் நிறைய. மனுவோடு வைக்கிற அபிடவிட்டில் (பிரமாணப் பத்திரத்தில்) கதை எழுத வேண்டாம். ‘டிஸ்சார்ஜ் புக்கில் ஆரோக்கியம் என்றும், ஆதாரில் ஆரோக்கிய மேரி என்றும் குறிப்பிடப்படுபவர் ஒரே நபர், அவரே என் சட்டப்படியான மனைவி’ என்ற வரிதான் உயிர். நீங்கள் கோயிலில் கல்யாணம் செய்தவர் என்றால், பங்குத்தந்தையிடம் திருமணப் பதிவேட்டின் நகலும், உங்கள் மனைவியின் ஞானஸ்நானப் பதிவின் நகலும் வாங்கி இணையுங்கள். பழைய பதிவு என்பதால் ஆதாரை விட அதற்கு மதிப்பு அதிகம் என்பது என் அனுபவம். ராமநாதபுரத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவி இயக்குநரின் மேலொப்பம் வாங்கி அனுப்புவது நல்லது. பத்திரிகை விளம்பரம், கெஜட் எல்லாம் ரெக்கார்ட் ஆபீஸ் எழுத்தில் கேட்டால் மட்டும். முன்கூட்டியே ‘எல்லாம் முடித்துத் தருகிறேன்’ என்று ஏழாயிரம், எட்டாயிரம் கேட்கிறவரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

ஒரிஜினல் புக்கை அவர்கள் கேட்காமல் அனுப்ப வேண்டாம். நகல் போதும், ஸ்பீட் போஸ்ட் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். உப்புக்காற்றில் ஓரம் இற்றுப் போயிருக்கும், தெரியும். அதற்காக லேமினேட் செய்துவிடாதீர்கள், திருத்தம் எழுதி சீல் வைக்க இடமிருக்காது. பேனாவால் நீங்களாகவே ‘மேரி’ என்று சேர்த்து எழுதினால் புக்கே சந்தேகத்துக்கு உரியதாகிவிடும்.

பதிலே வரவில்லையா? பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு, உங்கள் சீட் ரோலின் (ரெக்கார்ட் ஆபீசில் உள்ள உங்கள் சர்வீஸ் பதிவின்) நகலையும் மனுவின் நிலையையும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். ரெக்கார்ட் ஆபீசுக்குத் திருத்த மனு கொடுத்து ஆறு மாதம் முடிந்தும் உத்தரவு வராவிட்டால், அல்லது மறுத்துவிட்டால், அப்போது வழக்கு. போக வேண்டியது முன்சீப் கோர்ட்டுக்கு இல்லை, சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்கு. 2007-ம் ஆண்டுச் சட்டப்படி, மறுப்பு உத்தரவு வந்த நாளில் இருந்து ஆறு மாதம் கெடு. உத்தரவே வராவிட்டால், காத்திருந்த ஆறு மாதம் முடிந்த பிறகு இன்னொரு ஆறு மாதம். தாமதத்தை மன்னிக்கவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் பென்ஷன் பாக்கி விஷயத்தில், தாமதமாக வருகிறவருக்கு பொதுவாக மூன்று வருடத்துக்குத்தான் பாக்கி கிடைக்கும் என்று 2008-ல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் மனைவி நாளைக்கு அந்த வரிசையில் நிற்க வேண்டாம்.

இன்னொன்று. மனுவில் மகனை விட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள். கை நடுங்கினாலும் பரவாயில்லை, டிஸ்சார்ஜ் புக்கில் போட்டிருக்கிற அதே கையெழுத்தை நீங்களே போடுங்கள்.