வாட்ஸ்அப் குழுவில் நடக்கும் நல்ல பேச்சு புதைந்து போகாமல் இருக்க என்ன வழி?

சேரன்மகாதேவி பக்கத்து விவசாயிகள் குழுவில் உருப்படியான பேச்சு எல்லாம் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடுகிறது, ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு நேரத்தில் 3 செய்திகளைக் குழுவின் மேலே பின் (pin) செய்து வைக்கலாம். ஆனால் அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும். பிசான நெல் பருவமோ நாற்று பாவியதிலிருந்து அறுப்பு வரை நாலைந்து மாதம் ஓடும். அதனால் யாராவது பொறுப்பெடுத்து மறுபடி பின் செய்ய வேண்டும். செய்திக்கு நட்சத்திரம் (star) போட்டால் உங்கள் போனில் மட்டும்தான் தெரியும், மற்றவர்களுக்கு உதவாது.

அதைவிட முக்கியம், எதைப் பின் செய்கிறோம் என்பது. இலைச்சுருட்டுப் புழுவைப் பற்றி இரண்டு நாள் பேச்சு ஓடினால், முடிவில் விவரம் தெரிந்த ஒருவர் பத்து வரியில் எழுதிப் போடட்டும். என்ன ரகம், நட்டு எத்தனை நாள், கன்னடியன் கால்வாயில் அப்போது தண்ணீர் வந்ததா, என்ன மருந்து அடித்தார்கள், அது கேட்டதா இல்லையா. மருந்து கேட்காமல் போனதையும் கண்டிப்பாக எழுத வேண்டும், அடுத்தவர் காசு மிச்சமாகும்.

அப்புறம், தேடினால் எழுத்து ஒத்துப்போவதுதான் கிடைக்கும். பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். ஆகவே புழுவின் பெயரை இரண்டு விதமாகவும் போடுங்கள். பெரியவர்கள் அனுபவத்தை எல்லாம் குரல் பதிவில்தான் சொல்வார்கள். பொக்கிஷமே அதில்தான் இருக்கிறது. வீட்டில் படிக்கிற பிள்ளைகளை விட்டு அதைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.