குதிரைக்கு இன்ஹேலரில் கொடுக்கும் ஸ்டீராய்டு ரத்தத்தில் கலக்குமா?

கலக்கும். ஊசி அளவுக்குக் கலக்காது, அவ்வளவுதான். "இன்ஹேலர்தானே, நுரையீரலோடு நின்றுவிடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

ராயக்கோட்டைப் பக்கம் நாங்கள் வளர்க்கும் பெட்டைக் குதிரைக்கு மூச்சிரைப்பு உண்டு. சும்மா நிற்கும்போதே மூக்குத் துளை விரியும், மூச்சை வெளியே தள்ள வயிறு எக்கும். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியை அடிக்கடி போட்டால் குளம்புக்குள் அழற்சி வரலாம் என்ற பயத்தில், டாக்டர் ஃப்ளூட்டிகாசோன் என்ற ஸ்டீராய்டு இன்ஹேலருக்கு மாற்றினார். 250 மைக்ரோகிராம் பஃப், காலையில் 8, மாலையில் 8. 120 பஃப் உள்ள டப்பா ஒரு வாரம் வந்தாலே பெரிது.

குதிரையால் வாய் வழியாக மூச்சு விட முடியாது. அதனால் ஸ்பேசரை (இன்ஹேலரோடு மாட்டும் கூண்டு போன்ற குழல்) மூக்கில்தான் பொருத்த வேண்டும். விலா விரியத் தொடங்கும் நொடியில் அழுத்துவேன். பெரிய துளிகள் மூக்கின் மடிப்புகளிலும் தொண்டையிலும் ஒட்டி, பிறகு விழுங்கப்படும். குடலுக்குப் போகும் அந்தப் பங்கில் கொஞ்சம் உறிஞ்சப்பட்டாலும், ஃப்ளூட்டிகாசோனைக் கல்லீரல் பெரும்பாலும் சிதைத்துவிடும்.

5 மைக்ரானுக்குக் குறைவான நுண்துளிகள் நுரையீரலின் ஆழம் வரை போகும். அங்கே மெல்லிய ஈரப்படலத்தில் மெதுவாகக் கரைந்து, செல்லுக்குள் நுழைந்து வேலை செய்யும். அப்புறம் பக்கத்து ரத்தக் குழாய்க்குள் போய்விடும். இந்த வழியில் இடையில் கல்லீரல் கிடையாது. ஆக, நாம் சரியாகக் கொடுக்கக் கொடுக்க நுரையீரலுக்கும் அதிகம் போகும், அதன் வழியே ரத்தத்துக்கும் அதிகம் போகும். அளவை நாமாகக் கூட்டக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பெக்லோமெத்தசோன் என்ற இன்னொரு இன்ஹேலர் ஸ்டீராய்டு கொடுத்த குதிரைகளில் சில நாளிலேயே உடல் தானே சுரக்கும் கார்டிசால் குறைவது ரத்தப் பரிசோதனையில் தெரிந்திருக்கிறது, நிறுத்தினால் மீளும். பந்தயக் குதிரை என்றால் எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று கட்டாயம் டாக்டரிடம் கேளுங்கள்.

சிக்ளெசோனைடு என்ற ஸ்டீராய்டு வேறு மாதிரி. நுரையீரலில் உள்ள நொதிகள் மாற்றிய பிறகுதான் அதற்கு முழு வீரியம் வரும். குதிரைக்கென்றே செய்த அந்த இன்ஹேலருக்கு ஐரோப்பாவில் 2020-இல் அனுமதி கிடைத்தது.

சளி அடைத்து, மூச்சுக் குழாய் சுருங்கியிருந்தால் எந்த மருந்தும் சரியாக உள்ளே போகாது. எங்களுக்கு முதலில் மூச்சுக் குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் கொடுத்து, கொஞ்ச நேரம் விட்டு ஸ்டீராய்டு கொடுக்கச் சொன்னார்கள். கூடவே புல்லையும் பாருங்கள். காய்ந்த புல் கட்டு ஒன்றை லாயத்துக்குள் உதறினால் வெயில் கீற்றில் தூசி புகை மாதிரி எழும். அதைத்தான் எங்கள் குதிரை வருடக்கணக்காக இழுத்திருக்கிறது. இப்போது புல்லைத் தொட்டித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, ஈரமாகவே போடுகிறோம்.