இண்டியானா ஜோன்ஸ்: எதில் தொடங்கலாம்?

எட்டு வயதுப் பையனோடு இண்டியானா ஜோன்ஸ் என்ற ஹாலிவுட் சாகசப் பட வரிசையின் ஐந்து படங்களையும் கதை நடக்கும் ஆண்டு வரிசையில் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. அப்படிப் போனால் 1984-இல் வந்த இரண்டாம் படத்தில் தொடங்க வேண்டியிருக்கும். அதன் கதை 1935-இல், முதல் படத்துக்கு ஓராண்டு முன்னால் நடக்கிறது. உயிரோடு இருப்பவனின் நெஞ்சுக்குள் கையை விட்டு இதயத்தைப் பிடுங்குவார்கள். அமெரிக்காவில் பிஜி-13 தரம் (13 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்குச் சில காட்சிகள் ஒத்துவராமல் போகலாம் என்று பெற்றோரை எச்சரிக்கும் தணிக்கைத் தரம்) பிறந்ததற்கே அந்தப் படமும் ஒரு காரணம்.

1981 படத்தில் தொடங்கி நேரே 1989-க்குத் தாவுங்கள். முதல் படத்தின் கடைசியில் முகங்கள் உருகும். நாயகன் “கண்ணை மூடிக்கோ” என்று சொல்லும்போதே பையனும் மூடிக்கொள்ளட்டும். 1989 படத்தில் நாயகனும் அவன் அப்பாவும் முதுகோடு முதுகாகக் கட்டுண்டிருக்க, அப்பா லைட்டரை நழுவவிட்டுத் தரையே பற்றிக்கொள்ளும். அந்தக் காட்சியைப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், அவ்வளவு அருமை! பிறகு 2008, 2023. இரண்டாம் படம் தனிக்கதைதான், அவன் வளர்ந்தபின் பார்த்தால் போதும்.