நாய் கடித்த மான்குட்டியை வீட்டில் எப்படிப் பராமரிப்பது?

முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயல் கரையில் கட்டாக்காலி நாய்கள் துரத்திக் கடித்த புள்ளிமான் குட்டி ஒன்றைக் கணவர் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். முதல் நாள் இரவு காட்டுப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டதாம். தாய் மானைக் காணவில்லை. குட்டியின் பின்னந்தொடையில் பல் பட்ட காயம். மூன்று நாளாகப் பசுப்பால் கொடுக்கிறார்கள். நேற்றிலிருந்து வயிற்றோட்டம். "பிள்ளைகள் பெயரும் வைத்துவிட்டார்கள். மிகவும் சாதுவாக மடியில் படுத்திருக்கிறது. எந்தப் பால் கொடுப்பது, புண்ணுக்கு என்ன போடுவது, பெரிதாகும்வரை நாங்களே வளர்க்கலாமா?" என்று கேட்கிறார்.

சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வளர்க்க வேண்டாம். ஏன் என்பதைப் பின்னால் விளக்குகிறேன். இப்போதே வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 என்ற அவசர இலக்கத்துக்கு அழையுங்கள். கிடைக்காவிட்டால் கிராம அலுவலரிடம் சொல்லுங்கள். உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்தியரிடமும் சொல்லுங்கள். அவர்கள் வந்து சேரச் சில மணி நேரமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். அதுவரை அந்த உயிர் உங்கள் கையில்தான் இருக்கிறது.

சாதுவாக மடியில் படுத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். என்னை மிகவும் கவலைப்படுத்தியது அந்த வரிதான். மான்குட்டி ஆபத்தை உணர்ந்தால் ஓடாது. தலையைத் தாழ்த்தி அசையாமல் கிடக்கும். பிறந்த முதல் நாட்களில் அதற்குத் தெரிந்த ஒரே தற்காப்பு அதுதான். ஆகவே உங்கள் மடியில் அது அடங்கிக் கிடப்பதைப் பாசம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அச்சத்தில் அதன் இதயம் அடித்துக்கொள்வதை நெஞ்சில் விரல் வைத்தாலே உணரலாம். இந்த அச்சம் நீண்டால் தசைகள் சிதையத் தொடங்கும். சிறுநீர் கடும் கபில நிறமாகப் போகும், கால்கள் விறைக்கும், காயம் ஆறிக்கொண்டு வரும்போதே ஒரு நாள் திடீரென்று இறந்துவிடும். வீட்டில் வைத்துப் பார்க்கப்படும் மான்கள் பல இப்படித்தான் சாகின்றன.

எனவே மருந்தைத் தேடுவதற்கு முன் அமைதியைக் கொடுங்கள். ஆள் நடமாட்டம் குறைந்த ஓர் அறை அல்லது கொட்டில் போதும். வைக்கோல் பரப்பி, ஒரு பக்கத்தைத் தறப்பாளால் மறைத்துவிடுங்கள். ஆட்டுக்கொட்டிலும் மாட்டுக்கொட்டிலும் வேண்டாம். கால் வாய் நோய் போன்றவை மாட்டிலிருந்து மானுக்கும் மானிலிருந்து மாட்டுக்கும் தொற்றும். வீட்டு நாயைக் கட்டிவையுங்கள், குரைப்புக் கேட்காத தூரத்தில். அயலவர் பார்க்க வருவதையும் படம் எடுப்பதையும் நிறுத்துங்கள். ஒருவர் மட்டும் உள்ளே போய்வரட்டும். மத்தியானத்தில் தகரக் கூரையின் கீழ் வைக்காதீர்கள். மூச்சிரைத்தால் நிழலுக்கு மாற்றுங்கள்.

அடுத்தது உங்கள் பிள்ளைகளைப் பற்றியது. கடித்த நாய்க்கு விசர் இருந்ததா என்று உங்களில் யாருக்கும் தெரியாது. விசர்நாய் நோய்க் கிருமி எச்சிலில் இருக்கிறது. அந்தக் காயத்தில் அதே எச்சில் பட்டிருக்கிறது. காயத்தைத் தொட்டவர், குட்டி நக்கியவர், பால் கொடுக்கும்போது பல் பட்டவர் யாராக இருந்தாலும், உடலில் சிறு கீறல் இருந்தால்கூட, அந்த இடத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குப் போகவேண்டும். மூன்று நாள் கடந்துவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். தடுப்பூசி வேண்டுமா இல்லையா என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். அரச வைத்தியசாலைகளில் அதற்குப் பணம் இல்லை. இனிமேல் கையுறை இல்லாமல் குட்டியைத் தொடவேண்டாம். பிள்ளைகள் தொடவே வேண்டாம்.

இனிப் பாலுக்கு வருகிறேன். மானின் பால் பசுப்பாலைவிட மிகவும் செறிவானது. கொழுப்பும் புரதமும் ஏறத்தாழ இரு மடங்கு. பசுப்பாலில் இருக்கும் சர்க்கரையோ குட்டியின் குடலுக்கு அதிகம். வயிற்றோட்டத்துக்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். அழுக்குப் போத்தல், ஒரேயடியாகக் கூடக் கொடுப்பது, ஆறிய பால் ஆகியவையும் காரணமாகலாம். அடுத்த இரண்டு வேளைக்குப் பாலை நிறுத்துங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் ஜீவனிப் பொதியை (வயிற்றோட்டத்துக்கு நீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்) வாங்கி, அதில் சொல்லியபடி கொதித்தாறிய நீரில் கரைத்து, இளஞ்சூடாகக் கொடுங்கள். பிறகு ஆட்டுப்பால். நோயில்லாத ஆட்டின் பாலைக் காய்ச்சி, உடல் சூட்டுக்கு ஆறவைத்து, முதலில் பாதிக்குப் பாதி ஜீவனி நீர் கலந்து கொடுத்து, அடுத்த நாள் முழுப் பாலுக்கு மாறலாம். சீனி, தகரப்பால், பிள்ளைக்கு வாங்கிய பால்மா எதுவும் வேண்டாம்.

அளவு குட்டியின் எடையைப் பொறுத்தது. மூன்று கிலோ குட்டிக்கு நாள் முழுவதுக்கும் 300 முதல் 450 மில்லிலீற்றர் வரை. அதை ஐந்தாறு வேளையாகப் பிரியுங்கள். ஒரு வேளைக்கு 60 இலிருந்து 80 மில்லிலீற்றருக்கு மேல் போகவேண்டாம், அது இன்னும் கேட்டாலும்.

கொடுக்கும் முறையில்தான் உயிர் போகிறது. இதைக் கவனமாக வாசியுங்கள். முதலில் சுத்தமான விரலை வாய்க்குள் விட்டுப் பாருங்கள். வாய் குளிர்ந்திருந்தால், விரலைச் சூப்ப முயலாவிட்டால், எதையும் ஊற்றாதீர்கள். குளிர்ந்த உடலால் பாலைச் செரிக்க முடியாது. விழுங்கும் வலுவும் இராது. வெந்நீர் போத்தலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து உடம்பைச் சூடாக்கிய பிறகே நீராகாரம். குழந்தையைப்போல் மல்லாத்திப் பிடித்து ஊட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். குட்டி நிற்கட்டும், அல்லது நெஞ்சு தரையில் பட முழங்கால் மடித்து இருக்கட்டும். கழுத்து சற்று மேல் நோக்கி நீண்டிருக்க, போத்தலை அதன் வாய்க்கு நேரே பிடியுங்கள். சூப்பியின் துளை சிறிதாக இருக்கவேண்டும். கவிழ்த்தால் சொட்டாக விழவேண்டும், ஒழுகக் கூடாது. போத்தலை அமுக்காதீர்கள். மூக்கால் பால் வந்தால் உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்திவிடுங்கள். அடுத்த நாள் மூச்சில் கரகரப்பு இருந்தால் அன்றே வைத்தியர் பார்க்கவேண்டும்.

பால் குடித்து முடிந்ததும் தாய் மான் குட்டியின் பின்பக்கத்தை நக்கிவிடும். அப்போதுதான் சிறு குட்டிக்குச் சிறுநீரும் மலமும் இறங்கும். நீங்கள் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் மெதுவாகத் தடவிவிடுங்கள், ஒவ்வொரு வேளையும்.

காயத்துக்கு என்ன போடுவது என்று கேட்டீர்கள். என்ன போடக்கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன்: மஞ்சள் தூள், கோப்பித் தூள், சாம்பல், மண்ணெண்ணெய், எஞ்சின் ஒயில். எல்லாம் நம் ஊர்களில் போடுகிறார்கள். எல்லாம் சீழை உள்ளே வைத்து மூடுகின்றன, அல்லது தோலைப் பொசுக்குகின்றன.

நாய்க் கடி வெளியே சிறிதாகத் தெரியும். மயிரை ஒதுக்கிப் பார்த்தால் இரண்டு மூன்று துளைகள், சுற்றிலும் நீலம் பாய்ந்த தோல்; அவ்வளவுதான். நாய் கடித்து உதறும்போது தோலின் அடியில் தசை நசுங்கிப் பை விழுந்திருக்கும். கிருமி அங்கேதான் பெருகும். காயத்தைச் சுற்றி மயிரைக் கத்தரியுங்கள். அரை லீற்றர் கொதித்தாறிய நீரில் மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் துளைகளுக்குள் மெதுவாக அடித்துக் கழுவுங்கள், வெளியே வரும் நீர் தெளியும்வரை. பிறகு பொவிடோன் அயோடினை வெறுந்தேநீர் நிறத்துக்குத் தண்ணீர் கலந்து ஒற்றுங்கள். இறுக்கிக் கட்டவேண்டாம். காலையும் மாலையும் மயிரை ஒதுக்கி ஈ முட்டை இருக்கிறதா என்று பாருங்கள். காயத்தோரம் வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். சிறுசாவணத்தால் எடுத்துவிடுங்கள். விட்டால் அடுத்த நாளே புழு. இவ்வளவும் செய்தாலும் நுண்ணுயிர் எதிர்ப்பு ஊசியும் வலி மருந்தும் வைத்தியர் கையால்தான் போகவேண்டும். பனடோல் கரைத்துக் கொடுக்காதீர்கள்.

இனி, ஏன் வளர்க்கக் கூடாது? சட்டம் ஒரு காரணம். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதியின்றி மான் வைத்திருப்பது குற்றம். ஆனால் சட்டமே இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்வேன். உங்கள் குட்டி கிடாய் என்றால் இரண்டு வயதுக்குள் கொம்பு வைக்கும். மனிதரோடு வளர்ந்த கிடாய்க்கு மனிதரிடம் அச்சம் இராது; இனச்சேர்க்கைக் காலத்தில் உங்களையே போட்டிக் கிடாயாக எண்ணி முட்டும். போத்தலில் பால் கொடுத்தவரின் வயிற்றைக் கிழித்துவிடும் வலு அந்தக் கொம்புக்கு உண்டு. பெட்டை என்றால் முட்டாது. ஆள் காலடி கேட்டால் கிட்ட வரும். துவக்கோடு வருகிறவனிடமும் அப்படியே போகும்.

உடவளவையில் 1995 ஆம் ஆண்டு தொடங்கிய யானைகள் இடைத்தங்கல் நிலையத்தில் தாயற்ற யானைக் கன்றுகளை வளர்க்கும் முறை இதற்கு நல்ல உதாரணம். பால் கொடுக்கும் நேரம் தவிர மனிதர் கன்றுகளோடு கூடுவதில்லை. கன்றுகள் தமக்குள் கூட்டமாக வளர்ந்து, கூட்டமாகவே காட்டுக்குப் போகின்றன. மானும் கூட்டத்தில் வாழும் விலங்குதான். உங்கள் குட்டிக்கு இன்னொரு மான் வேண்டும். அதை உங்கள் வீட்டில் கொடுக்க முடியாது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள், விளங்கிக்கொள்வார்கள்.

வன்னியில் இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பற்றைக்குள் தனியே, காயமின்றிப் படுத்திருக்கும் மான்குட்டி அநாதை அல்ல. தாய் வேண்டுமென்றே ஒளித்து வைத்துவிட்டு மேயப் போயிருக்கும். தூக்காதீர்கள். தெரியாமல் தூக்கி வந்துவிட்டால், நாய்கள் இல்லையென்று பார்த்து, அன்றே எடுத்த இடத்தில் விட்டுவிட்டுத் தள்ளிப் போங்கள். மனித வாடை பட்டதற்காகத் தாய் கைவிடாது. பழகிய பாதையால் மட்டும் போங்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இருக்கும் பக்கம் எந்த விலங்குக்காகவும் கால் வைக்காதீர்கள்.

சகோதரி, அதிகாரிகள் வரும்போது கொடுப்பதற்கு ஒரு தாளில் எழுதிவையுங்கள்: குட்டியைக் கண்டெடுத்த இடம், நாள், நேரம், என்ன பால், எவ்வளவு, எத்தனை வேளை, எப்போதிலிருந்து வயிற்றோட்டம், என்ன நிறம், கடித்த நாய் யாருடையது, இன்னும் உயிரோடு இருக்கிறதா. நாயைப் பற்றிய தகவலை வைத்தியசாலையிலும் கேட்பார்கள். ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கொண்டுபோகும்போது குட்டியை உரப்பையில் போட்டுக் கட்ட விடாதீர்கள். காற்றுத் துளையிட்ட பெரிய மட்டைப் பெட்டியில் வைக்கோல் பரப்பி, கண்ணை மெல்லிய துணியால் மறைத்து, வெயில் ஏறுமுன் அனுப்புங்கள்.